டவுன்லோடு செய்த வீடியோ டிவிடி பிளேயரில் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கலாம்

கல்யாணம், வளைகாப்பு, கும்பாபிஷேகம் எதுவானாலும் இப்போது வீடியோக்காரர் டிஸ்க் தருவதில்லை, ஒரு லிங்க்தான் அனுப்புகிறார். போனில் பார்ப்பவர்களுக்கு அது போதும். ஆனால் ஊரில் டிவிடி பிளேயரையும் பழைய டிவியையும் வைத்துக்கொண்டு, "அதுல போட்டுக் குடு, உக்காந்து பாக்குறேன்" என்று சொல்லும் பெரியப்பாவுக்கு, டவுன்லோடு செய்து டிஸ்க்கில் எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்து அனுப்பினால் அன்று சாயங்காலமே போன் வரும்: ஓடவில்லை.

உடனே பலரும் வேறொரு கன்வெர்ட்டரை இறக்கி, மூன்று மணி நேர வீடியோவை ராத்திரி முழுக்க மறுபடி மாற்றுகிறார்கள். பாதி நேரம் இது வீண் வேலை. கோளாறு டிஸ்க்கில் இருக்கலாம், டிஸ்க்கில் ஃபைல்களைப் போட்ட விதத்தில் இருக்கலாம், ஃபைலுக்குள் இருக்கும் படம், ஒலி வகையில் இருக்கலாம், இல்லையென்றால் பிளேயர், டிவி, அவற்றுக்கு நடுவில் இருக்கும் வயரில் இருக்கலாம். கன்வெர்ட் செய்வதால் தீருவது இதில் மூன்றாவது மட்டும்தான். அதனால் முதலில் திரையில் என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று போனில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "ஓடலை" என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் பத்து வெவ்வேறு கோளாறு இருக்கும்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். எல்லா டிவிடி பிளேயருக்கும் புரிகிற வடிவம் ஒன்றே ஒன்றுதான், டிவிடி வீடியோ. படம் எம்பெக்2 வகையில் இருக்க வேண்டும், அளவு நம் ஊர் டிவிகளின் பால் (PAL) முறையில் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம். ஒலி ஏசி3, 48 கிலோஹெர்ட்ஸ். இவை எல்லாம் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்ற ஃபைல்களாக 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு வெளியே, முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை இருக்கும் பிளேயர்கள் ஏவிஐ ஃபைலையும் நேரடியாக ஓட்டும், அதிலும் எல்லா ஏவிஐயையும் அல்ல. இன்று டவுன்லோடாக வருவதோ பெரும்பாலும் எச்264 அல்லது எச்265 வகைப் படம், ஏஏசி ஒலி. சாதாரண டிவிடி பிளேயர் இந்த மூன்றில் எதையும் அறியாது.

"நோ டிஸ்க்" என்று வருகிறது, அல்லது டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றி வெளியே தள்ளிவிடுகிறது

இங்கே வீடியோவைத் தொடவே வேண்டாம். கடையில் வாங்கிய ஒரிஜினல் டிவிடி ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் லென்ஸில் தூசி, அல்லது லென்ஸின் ஆயுள் முடிந்துவிட்டது. ஒரிஜினல் ஓடி நீங்கள் எழுதியது மட்டும் ஓடவில்லை என்றால், முதல் சந்தேகம் ஃபைனலைஸ், அதாவது எழுதி முடித்ததும் டிஸ்க்கை மூடும் வேலையைச் செய்யாமல் விட்டது. கம்ப்யூட்டர் டிரைவ் மூடாத டிஸ்க்கையும் படித்துவிடும், பிளேயர் படிக்காது. அதனால்தான் "என் லேப்டாப்பில் நன்றாக ஓடியதே" என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

அடுத்தது டிஸ்க்கின் வகை. அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்குகள் ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு அந்த வெளிச்சம் போதாது. சோதித்துப் பார்க்க ஆர்டபிள்யூ வசதி, ஆனால் அதில் தோற்றால் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்குகளில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு உண்டு. ரொம்பப் பழைய பிளேயருக்கு மைனஸ் ஆர் பாதுகாப்பானது. பிளஸ் ஆர்தான் கையில் இருக்கிறது என்றால், சில டிரைவ்களில் அதன் வகைக் குறியீட்டை டிவிடி ரோம் என்று மாற்றி எழுதலாம், இம்க்பர்ன் மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. இரட்டை அடுக்கு 8.5 ஜிபி டிஸ்க்கை நான் இந்த வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை. விலையும் அதிகம், அடுக்கு மாறும் இடத்தில் சிக்கும் பிளேயர்களும் உண்டு. நீளமான வீடியோ என்றால் இரண்டு சாதாரண டிஸ்க்காகப் பிரித்துக் கொடுப்பதே மேல்.

எழுதும் வேகத்தையும் பாருங்கள். 16 மடங்கு வேகம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் 8 அல்லது 4 மடங்கில் எழுதுங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லாமல் வெளியே யுஎஸ்பி டிவிடி ரைட்டர் மாட்டுகிறீர்கள் என்றால் ஹப் வழியாக மாட்டாமல் நேரடியாகக் கம்ப்யூட்டர் போர்ட்டில் செருகுங்கள். மின்சாரம் போதாமல் பாதியில் எழுத்து கெடுவது அடிக்கடி நடக்கும்.

டிஸ்க்கைப் படிக்கிறது, ஆனால் ஃபைல் பெயர்தான் வருகிறது, அல்லது "அன்சப்போர்ட்டட்" என்கிறது

இதுதான் எண்ணிக்கையில் முதலிடம். எம்பி4 ஃபைலை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போட்டால் அது டேட்டா டிஸ்க், டிவிடி வீடியோ அல்ல. விண்டோஸ் இங்கே ஒரு குழப்பம் செய்கிறது. வெற்று டிஸ்க்கைப் போட்டதும் "யுஎஸ்பி டிரைவ் மாதிரி", "சிடி/டிவிடி பிளேயருக்கு" என்ற பொருளில் இரண்டு வழி கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததால் பிளேயரில் ஓடிவிடும் என்று நினைக்கிறோம். அது டிஸ்க்கைப் பிளேயர் படிக்கிற மாதிரி மூடிக் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எம்பி4 எம்பி4ஆகவே கிடக்கும். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தாலோ பல பிளேயர்களுக்கு டிஸ்க்கே புரியாது, நேராக மேலே சொன்ன "நோ டிஸ்க்"தான். விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் கூடவே டிவிடி மேக்கர் என்று ஒன்று வந்தது, விண்டோஸ் 8இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

ஆக, உங்களுக்கு வேண்டியது டிவிடி ஆத்தரிங், அதாவது வீடியோவை டிவிடி வீடியோ வடிவத்தில் அமைத்துக் கொடுக்கும் மென்பொருள். இலவசமாகக் கிடைப்பதில் டிவிடி ஸ்டைலர் போதும். புதிய பிராஜெக்ட் தொடங்கும்போதே பால், 16:9, ஏசி3 என்று கொடுத்துவிட்டு வீடியோவை உள்ளே இழுத்துப் போட்டால், மாற்றுவது, ஃபோல்டர் அமைப்பது, எழுதுவது எல்லாம் அதுவே செய்யும். நேராக டிஸ்க்கில் எழுதாமல் ஐஎஸ்ஓ இமேஜாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலை ஒரே ஃபைலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். விஎல்சியில் ஓட்டிப் பார்த்துவிட்டு இம்க்பர்னில் எழுதலாம், இன்னொரு சித்தப்பா கேட்டால் இன்னொரு பிரதி போடலாம். ஹேண்ட்பிரேக் வீடியோ மாற்றுவதற்கு நல்ல மென்பொருள்தான், ஆனால் அது டிவிடி வீடியோ செய்யாது. அதில் "டிவிடி ஆப்ஷன்" தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆத்தரிங் செய்தும் இதே அறிகுறி வந்தால் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் இருந்தால், இமேஜை விரித்து எழுதாமல் இமேஜையே ஒரு ஃபைலாக எழுதிவிட்டீர்கள். 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டர் வேறொரு ஃபோல்டருக்குள் இருந்தாலும் பிளேயர் கண்டுபிடிக்காது. அது டிஸ்க்கைத் திறந்ததும் முதல் வரிசையிலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு குறுக்குவழியையும் பலர் முயல்கிறார்கள், எம்பி4 என்ற பின்னொட்டை ஏவிஐ என்று மாற்றிவிடுவது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிளகாய்த்தூள் கொட்டி வைத்த கதைதான் இது, மூடியில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பதுதான் கண்ணில் எரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய மீடியாஇன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் படத்தின் வகை, ஒலியின் வகை, ஃபிரேம் கணக்கு எல்லாம் சொல்லிவிடும். இதைத் திறந்து பார்க்காமல் எந்த மாற்றத்தையும் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி.

படம் வருகிறது, சத்தம் இல்லை

டிவ்எக்ஸ் பிளேயரில் ஏவிஐ ஓட்டும்போது இது வந்தால், உள்ளே இருக்கும் ஒலி ஏஏசி அல்லது டிடிஎஸ் ஆக இருக்கும். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் எம்பி3 அல்லது ஏசி3 ஆக மாற்றினால் போதும். அவிடிமக்ஸ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் படத்துக்கு 'காப்பி', ஒலிக்கு எம்பி3 என்று வைத்துச் சேமித்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். முழுப் படத்தையும் மறுபடி மாற்றத் தேவையே இல்லை.

முறையான டிவிடி வீடியோவிலும் சத்தம் இல்லை என்றால் கதை வேறு. எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்திருந்தால் பிளேயரின் செட்டப்பில் ஆடியோ வெளியீடு 'ரா' என்று இருக்கிறதா பாருங்கள். ஏசி3யைப் பிரிக்கத் தெரியாத டிவி அப்போது ஊமையாகிவிடும், 'பிசிஎம்' என்று மாற்றினால் பேசும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் என்றால் வெள்ளையும் சிவப்பும் சரியான வரிசையில் செருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், டிவிக்குப் பின்னால் இருட்டில் கைவிட்டுச் செருகும்போது மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் வித்தியாசம் தெரியாது.

சத்தம் வருகிறது, படம் கறுப்பு, அல்லது படம் நிறமில்லாமல் ஓடுகிறது

ஏவிஐ ஃபைலில் சத்தம் மட்டும் வந்தால், உள்ளே எச்264 இருக்கிறது, அல்லது படத்தின் அளவு 720க்கு 576ஐத் தாண்டியிருக்கிறது. டிவ்எக்ஸ் பிளேயருக்குப் புரிகிற எக்ஸ்விட் (எம்பெக்4 ஏஎஸ்பி) வகையாகவே இருந்தும் வராவிட்டால், அதை உருவாக்கியவர் க்யூபெல், ஜிஎம்சி என்ற இரண்டு நுட்பங்களை இயக்கியிருக்கக்கூடும். வீட்டுப் பிளேயர்களின் சிப் பலவற்றுக்கு அவை ஆகாது. அவிடிமக்ஸில் எம்பெக்4 ஏஎஸ்பி, அந்த இரண்டும் அணைத்து, அகலப் படமாக இருந்தால் 720க்கு 400 அளவு, ஒலி எம்பி3, வெளியீடு ஏவிஐ. இப்படிச் செய்தால் டிவ்எக்ஸ் முத்திரை உள்ள பிளேயர் அநேகமாக முரண்டு பிடிக்காது.

நிறம் இல்லாமல் கறுப்பு வெள்ளையாக வருவதற்கும், படம் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருப்பதற்கும் பழைய டிவி என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) படத்தைத் தாங்காததுதான் வழக்கமான காரணம். பல மென்பொருள்கள் தாமாகவே என்டிஎஸ்சியில் தொடங்கும், நாம் கவனித்துப் பால் என்று மாற்ற வேண்டும். ஆனால் டிஸ்க்கை மறுபடி எழுதும் முன் ரிமோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 'பி/என்' அல்லது 'வி மோட்' என்று ஒரு பட்டன் இருக்கும், குழந்தைகள் கையில் ரிமோட் போனால் அதுதான் முதலில் அமுங்கும். அதை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பார்த்தாலே படம் திரும்பிவிடலாம். மஞ்சள் வயரைப் பச்சைத் துளையில் செருகினாலும், அந்தத் துளை மூன்று வயர் இணைப்புக்கானதாக இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும்.

முகம் நீண்டு ஒல்லியாகத் தெரிகிறது, அல்லது தலை வெட்டுப்படுகிறது

டிவிடி படத்தின் புள்ளிகள் சதுரம் அல்ல. அதே 720க்கு 576 படத்தை 4:3 ஆகவும் விரிக்கலாம், 16:9 ஆகவும் விரிக்கலாம், எப்படி விரிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு உள்ளே இருக்கும். அந்தக் குறிப்பு தவறினால் மாப்பிள்ளை இளைத்துவிடுவார், அல்லது பெருத்துவிடுவார். ஆத்தரிங்கில் 16:9 கொடுத்திருந்தும் இப்படி என்றால் பிளேயர் செட்டப்பில் டிவி வகையைப் பாருங்கள். டிவி பழைய 4:3 என்றால் 'லெட்டர்பாக்ஸ்', அகல டிவி என்றால் '16:9'. 'பான் ஸ்கேன்' என்று இருந்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும், வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில் கடைசியில் நிற்பவர்கள் காணாமல் போவதற்கு அதுதான் காரணம்.

பழைய குழாய் டிவிகள் இயல்பிலேயே நாலு பக்கமும் கொஞ்சம் விழுங்கும். பெயர்கள் கீழ் ஓரத்தில் ஓடுகிற வீடியோ என்றால் சுற்றிலும் சிறிது கறுப்பு விளிம்பு விட்டு மாற்றுங்கள். போனை நிறுத்திப் பிடித்து எடுத்த வீடியோக்களுக்கு நடுவில் படம், இரு பக்கமும் கறுப்பு. அதை நீட்டி நிரப்ப முயல வேண்டாம்.

வாயசைவும் சத்தமும் பொருந்தவில்லை

இதில்தான் அதிக நேரம் போகிறது, கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருக்கிறதா, இல்லை போகப் போகக் கூடுகிறதா? முதல் வகை எளிது. ஒலியை அரை நொடி முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும், அவிடிமக்ஸிலேயே 'ஷிஃப்ட்' என்று கொடுக்கலாம்.

போகப் போகக் கூடுகிறது என்றால் ஃபிரேம் கணக்கில் தவறு. போனில் எடுத்த வீடியோக்கள் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கூடிக் குறைந்துகொண்டிருக்கும். மீடியாஇன்ஃபோவில் 'வேரியபிள்' என்று காட்டினால் அதுதான். டிவிடிக்கு நிலையான கணக்கு வேண்டும், ஆத்தரிங் மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. இங்கேதான் ஹேண்ட்பிரேக் கைகொடுக்கும். முதலில் அதில் 25, 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து ஒரு நல்ல தரமான எம்பி4 ஆக்கிக்கொண்டு, அதை டிவிடி ஸ்டைலருக்குக் கொடுங்கள். இரண்டு முறை மாற்றுவதால் கொஞ்சம் தரம் குறையும், ஆனால் தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்பதைவிட அது பரவாயில்லை.

சினிமா முறையில் 23.976 ஃபிரேமில் எடுத்ததை, இடையில் ஃபிரேம் சேர்க்காமல் வேகமாக ஓட்டி 25 ஆக்கிவிட்டு, ஒலியை அப்படியே விட்டுவிடும் மென்பொருள்களும் உண்டு. அப்போது ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிட வித்தியாசம் வந்துவிடும், இவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். ஒலியையும் அதே அளவு வேகப்படுத்தினால் பொருந்தும்.

ஒரு பக்கக் குறிப்பு: டிவி புதிதாக இருந்து பால், என்டிஎஸ்சி இரண்டையும் ஏற்கும் என்றால், 30 ஃபிரேம் போன் வீடியோவை என்டிஎஸ்சி டிஸ்க்காகவே போடலாம். 30ஐ 25 ஆக்கும்போது ஆறில் ஒரு ஃபிரேம் போவதால் வரும் சின்னத் தடுக்கல் இருக்காது. உயரம் மட்டும் 576க்குப் பதில் 480.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் அல்லது கடைசியில் திக்குகிறது

டிவிடி உள்ளேயிருந்து வெளி விளிம்பை நோக்கிப் படிக்கப்படுகிறது. எனவே எப்போதும் கடைசி இருபது நிமிடத்தில் மட்டும் திக்கினால் அது விளிம்பில் இருக்கும் பகுதி. மட்டமான டிஸ்க்குகளில் முதலில் கெடுவதும், விரல் படுவதும் அங்கேதான். மெதுவாக எழுதுங்கள், டிஸ்க்கை முழுக்க நிரப்பாமல் சற்று இடம் விடுங்கள். இன்னொரு பிளேயரிலும் அதே இடத்தில் திக்கினால் டிஸ்க், திக்காவிட்டால் இந்தப் பிளேயரின் லென்ஸ்.

ஆட்டம், கூட்டம், பூ தூவுவது போன்ற பரபரப்பான காட்சிகளில் மட்டும் திக்கினால் பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் டேட்டா அளவு அதிகம். டிவிடி வீடியோவில் படத்துக்கு உச்ச வரம்பு 9.8 எம்பிபிஎஸ், ஆனால் எழுதிய டிஸ்க்கில் அந்த உச்சம் வரை போக வேண்டாம், 8க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். 4.7 ஜிபி என்பது இரண்டு மணி நேரத்துக்கு, ஒலியையும் சேர்த்து, நொடிக்கு 5.2 எம்பிபிஎஸ் தரும். அது நல்ல தரம். மூன்று மணி நேரம் திணித்தால் 3.5 ஆகிவிடும், ஓரளவு தாங்கும். நாலு மணி நேரம் என்றால் 2.6, அப்போது ஹோமப் புகை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பறக்கும். இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். ஒரே டிஸ்க்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் படத்தின் அளவை 352க்கு 576 ஆக்குங்கள். அதுவும் டிவிடி விதிக்கு உட்பட்டதுதான், கட்டம் குறைந்து படம் கொஞ்சம் மங்கலாகும். மூல வீடியோவே வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்தது என்றால் எந்தக் கன்வெர்ட்டரும் அதைத் தெளிவாக்காது, ஒரிஜினல் லிங்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ் எழுத்து கட்டமாகவோ குளறியோ வருகிறது

ஃபைல் பெயரில் தமிழ் இருந்தால் பிளேயர் பட்டியலில் கட்டங்கள்தான் தெரியும், சிலது ஃபைலையே திறக்காது. பெயரை ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்து, முன்னால் 01, 02 என்று எண் கொடுங்கள், வரிசையும் கலையாது.

சப்டைட்டில் பெரிய தலைவலி. டிவ்எக்ஸ் பிளேயர்கள் வீடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலைப் படிக்கும், ஆனால் அவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. டிவிடி வீடியோவில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாகவே போவதால் தமிழும் முடியும்தான், ஆனால் அந்தப் படத்தை வரையும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், 'கெ' என்பது ககரமாகவும் அதன் பின்னால் தனிக் கொம்பாகவும் பிரிந்து நிற்கும். இதற்கு நான் நம்புகிற வழி, ஹேண்ட்பிரேக்கில் சப்டைட்டிலைப் 'பர்ன் இன்' செய்து படத்தோடு ஒட்டிவிடுவது. அணைக்க முடியாது, ஆனால் எழுத்து ஒழுங்காக இருக்கும். ஐந்து நிமிடத் துண்டில் முதலில் பார்த்துவிட்டு முழுதாகச் செய்யுங்கள், எழுத்தின் அளவு கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்தாலும் பழைய டிவியில் பெரும்பாலும் போதாது.

பென் டிரைவைக் கண்டுகொள்ளவில்லை

முன்னால் யுஎஸ்பி துளை இருக்கும் பிளேயர் என்றால் டிஸ்க்கே வேண்டாமே என்று தோன்றும், நியாயம்தான். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டும் பெரும்பாலான பிளேயர்களுக்கு ஆகாது. 64 ஜிபி டிரைவ்கள் பல கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்டில் வரும், அதனால் 16 ஜிபியோ 32 ஜிபியோ உள்ள பழைய டிரைவைத் தேடி எடுங்கள். ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவைக் கண்டுகொண்டும் வீடியோவைக் காட்டவில்லை என்றால் துளை யுஎஸ்பியாக இருப்பதால் மட்டும் பிளேயருக்குப் புதிய வகைகள் புரிந்துவிடாது, மேலே சொன்ன அதே எக்ஸ்விட், எம்பி3, ஏவிஐதான் இங்கேயும். சில மலிவான பிளேயர்கள் யுஎஸ்பியில் பாட்டும் போட்டோவும் மட்டுமே ஓட்டும். கையேட்டில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் டிஸ்க்குக்கே திரும்ப வேண்டியதுதான்.